மெஃபிஸ்டோவாக நடித்தவர்

சில வாரங்களுக்கு முன் 'மெஃபிஸ்டோ' படம் பார்த்தேன். 1981ல் ஹங்கேரி இயக்குநர் இஸ்த்வான் ஸாபோ எடுத்தது, ஆஸ்கர் வாங்கிய படம். அதில் ஒரு நாடக நடிகன் பதவிக்காக நாஜிகளோடு ஒட்டிக்கொள்கிறான். அந்தக் கதைக்குப் பின்னால் குஸ்தாஃப் க்ரூண்ட்கென்ஸ் என்ற நிஜ மனிதர் இருக்கிறார் என்று தெரிந்ததும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1899ல் டூஸல்டார்ஃபில் பிறந்தவர். நடிகர், இயக்குநர். கதேயின் 'ஃபௌஸ்ட்' நாடகத்தில் வரும் மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வேடம்தான் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1932ல் பெர்லினில் அந்த வேடம் போட்டார். அடுத்த வருடமே ஹிட்லர் ஆட்சி வந்துவிட்டது. அவருடைய முன்னாள் மனைவி எரிகா மன், எரிகாவின் தம்பியும் இவரது பழைய நண்பருமான எழுத்தாளர் க்ளாவுஸ் மன் இருவரும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். இவர் அங்கேயே இருந்தார். 1934ல் கோரிங்கின் தயவில் பெர்லின் அரசு நாடக அரங்கின் தலைவரானார்.

"அந்தப் பதவியை வைத்துச் சிலரைக் காப்பாற்றினாரே" என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். கம்யூனிஸ்ட் நடிகரும் பாடகருமான எர்ன்ஸ்ட் புஷ் மரண தண்டனையிலிருந்து தப்ப உதவியிருக்கிறார். போர் முடிந்து சோவியத் முகாமில் இவர் சுமார் 9 மாதங்கள் அடைபட்டுக் கிடந்தபோது, இவருக்காகப் பேசியவர்களில் புஷ்ஷும் ஒருவர்.

ஒரு உயிரைக் காப்பாற்றியதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு நல்ல நாடகமும் 'இதுவும் கலையை மதிக்கும் அரசுதான்' என்று ஊருக்குச் சொன்னது. சுமாரான நடிகரால் அந்த மரியாதையை வாங்கித் தர முடியாது. அதனால், என்னைப் பொறுத்தவரை, திறமை இங்கே மன்னிப்புக்குக் காரணம் இல்லை. அதுதான் குற்றச்சாட்டே!

க்ளாவுஸ் மன் 1936ல் இதையே நாவலாக எழுதினார். படம் அதிலிருந்து எடுத்ததுதான். க்ரூண்ட்கென்ஸ் இறந்தபின் அவருடைய தத்துப்பிள்ளை வழக்குப் போட்டார். இறந்தவரின் கௌரவம் கெடுகிறது என்று 1971ல் மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றமும் நாவல் மீதான தடையை உறுதி செய்தது. 1981ல்தான் புத்தகம் மறுபடி அங்கே கடைக்கு வந்தது. இந்தத் தடை தவறு என்றே நினைக்கிறேன். போருக்குப் பின் அவருக்கு மேடை திரும்பக் கிடைத்தது. டூஸல்டார்ஃப், ஹாம்பர்க் அரங்குகளுக்குத் தலைவர், 1960ல் 'ஃபௌஸ்ட்' படம், 1963ல் மணிலாவில் மரணம் வரை குறையாத புகழ். கேள்வி கேட்ட புத்தகத்துக்குத்தான் இடமில்லாமல் போனது.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைவிட்டுப் போயிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் நானும் அதையே செய்திருப்பேன் என்பதற்காக அது சரியாகிவிடுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?