பயம் தெளிய ராட்டினம் மருந்து இல்லைங்க

கொஞ்சம் காட்டமாத்தான் எழுதப் போறேன், பொறுத்துக்கங்க. டவுன்ல இருக்கிற சின்ன வயசுப் பெத்தவங்ககிட்ட ஒரு பேச்சு இப்ப அடிக்கடி காதுல விழுது. "பயம் தெளியட்டும்னு ஏத்தி விட்டேன்." ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளையைத் தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயி, அது கத்தக் கத்தக் கம்பியைப் போட்டுப் பூட்டி, சுத்த விட்டு இறக்கினதுக்கு அப்புறம் சொல்ற பேச்சு இது. என்னமோ பிள்ளைக்கு நல்லது பண்ணிட்ட மாதிரி.

எங்க பக்கம் பிள்ளை எதையாவது பார்த்து மிரண்டு, சோறு எடுக்காம, தூக்கத்துல திடுக்கு திடுக்குனு எந்திரிச்சா, பயந்த கோளாறுன்னு சொல்லி மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. பெரியவர் ஒருத்தர் வேப்பிலையால தடவி, திருநீறு போட்டு, தண்ணி தெளிச்சு அனுப்புவாரு. இதைச் சொன்னா டவுன்காரங்களுக்குச் சிரிப்பு. சிரிங்க, எனக்கும் மந்திரத்துல பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனா அங்க பிள்ளை அம்மா மடியில இருக்கும். யாரும் சத்தம் போட மாட்டாங்க. நீங்க என்ன பண்றீங்க? ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பக்கமா கொடுத்து, நல்லா இருந்த பிள்ளைக்குப் பயந்த கோளாறை வாங்கிட்டு வர்றீங்க.

எழுத வச்ச சங்கதி இதுதான். எம் பேரனுக்கு மூணு வயசு. மக வயித்துப் பேரன். கொஞ்சம் கூச்ச சுபாவம், புது ஆளைப் பார்த்தா அம்மா சேலைக்குள்ள போயிடுவான். போன கோடை லீவுல கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். பேர் வேண்டாம். அங்க குழந்தைங்க பகுதியிலேயே ஒரு டிராகன் ரயில். சின்னதுதான், பச்சை பெயின்ட், சிரிக்கிற மூஞ்சி. பையன் வேண்டாம் வேண்டாம்னு என் வேட்டியைப் புடிச்சுக்கிட்டான். மாப்பிள்ளை நல்ல மனுசர், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு, "ஆம்பளைப் பையன் அழலாமா, நான் இருக்கேன்ல"ன்னு தூக்கிட்டுப் போயி பக்கத்துல உட்கார வச்சுட்டாரு. "வேண்டாங்க மாப்ள, அழறான்"னு நானும் சொல்லிப் பார்த்தேன். "ஒரு ரவுண்டு போனா சரியாயிடும் மாமா"ன்னாரு. அதுக்கு மேல மாமனார் என்ன பேச முடியும், சொல்லுங்க.

ரெண்டாவது சுத்துல பையன் எந்திரிச்சு நின்னுட்டான்.

எப்படி நிக்க முடியும்னு கேப்பீங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அது அப்பனோட தொடையில இடிச்சு நின்னுடும். பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. மாப்பிள்ளை ஒரு கையால பையன் சட்டையைப் பிடிச்சிருந்தாரு, இன்னொரு கையில போன், வீடியோ. கீழ எம் மக கத்தறா. ஓட்டற பையன் நிறுத்தற பட்டனுக்குப் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தான். "ஒண்ணும் ஆகாதுங்க, எல்லாக் குழந்தையும் அழும்"னான். வண்டி தானா நின்ன பிறகுதான் நின்னுது. ஒண்ணும் ஆகலை, நெசந்தான். ஆனா அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்க வீட்டு மோட்டார் போட்டாலே காதைப் பொத்திக்கிட்டான். வேப்ப மரத்துல கட்டியிருக்கிற தூரியில, அவன் தினமும் ஆடின தூரி அது, உட்கார மாட்டேன்னுட்டான்.

அதனால நான் சொல்றது செல்லம் கொடுக்கறதைப் பத்தி இல்லைங்க. பயந்த பிள்ளை சும்மா உட்கார்ந்து பயப்படாது. இறங்கப் பார்க்கும். வண்டி ஓடறது, உயரம், கீழ இரும்பு, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அம்மா அங்க நிக்கறா, நான் அங்க போகணும், அவ்வளவுதான் தெரியும். பயந்த சுபாவம் இருக்கிற பிள்ளைக்கு ராட்டினம் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும்னு சொல்றதுல முதல் காரணம் உசிரு. மனசு அப்புறம்.

"கிராமத்துல நீங்க பிள்ளைங்களைக் கிணத்துல தள்ளி விட்டு நீச்சல் கத்துக் கொடுக்கலையா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. நல்ல கேள்வி. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். ஆனா எந்த வயசுல? எட்டு, ஒம்பது. இடுப்புல காய்ஞ்ச சுரைக்குடுக்கை கட்டியிருக்கும், இல்லைன்னா கயிறு. சித்தப்பனோ மாமனோ முதல்லயே தண்ணிக்குள்ள இறங்கி நிப்பாரு. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் படியில உட்கார்ந்து மத்தவங்க குதிக்கறதைப் பார்த்திருப்போம். மூணு வயசுக் குழந்தையை எங்க ஊர்ல எவனும் கிணத்துல தள்ளினதில்லை. அப்படி எட்டு வயசுல தள்ளி விட்டும் பயம் போகாம, இன்னி வரைக்கும் கிணத்து மேட்டுல நின்னு தண்ணி மோந்து குளிக்கிற ஆளுங்க எங்க ஊர்லயே இருக்காங்க. அவங்க கதையை யாரும் சொல்றதில்லை, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. பெரியவங்களுக்கு ராட்டினத்துல ஏன் சந்தோசம்? வயிறு கலங்குது, ஆனா ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்னு தெரியும். மூணு வயசுக்கு "ரெண்டு நிமிஷம்" என்னன்னு தெரியுமா? நேத்தும் நாளைக்கும் மாத்தி மாத்திச் சொல்ற வயசு. அது நிக்கும்ங்கிறதே அதுக்குத் தெரியாது. உங்களுக்கு விளையாட்டா இருக்கிற அதே சங்கதி அதுக்கு முடிவே இல்லாத ஒண்ணு.

இதுல காசு கணக்கும் இருக்குது, அதை யாரும் வெளிய சொல்றதில்லை. பல பூங்காக்கள்ல வாசல்லயே உயரம் அளக்கறாங்க. 85, 90 சென்டிமீட்டர்னு ஒரு கோடு. அதுக்குக் கீழ இலவசம், மேல போனா டிக்கெட். உலக சுகாதார நிறுவனத்து வளர்ச்சி அட்டவணைப்படி மூணு வயசுப் பையனோட நடுத்தர உயரம் 96 சென்டிமீட்டர். அப்போ அம்மா இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைக்கும் டிக்கெட் வாங்கியாச்சு. வாங்கின உடனே மனசு மாறிடுது. உள்ள போனா எல்லா ராட்டினமும் அந்த ஒரே டிக்கெட்டுல அடக்கம், அதனால ஏறாம வந்தா நட்டம்னு ஒரு நினைப்பு. பொருட்காட்சியில அப்படி இல்லை. சென்னைத் தீவுத்திடல் ஆகட்டும், மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி ஆகட்டும், எங்க அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழா ஆகட்டும், ராட்டினத்துக்கு ராட்டினம் தனிக் காசு. பிள்ளை வேண்டாம்னா சோலி முடிஞ்சது, பொரி வாங்கிட்டு நடக்கலாம்.

அந்தக் கோடு உயரத்தைத்தான் அளக்குது. பிள்ளையோட தைரியத்தை அளக்கறதுக்கு வாசல்ல ஆள் கிடையாது, அது உங்க வேலை.

அப்போ எதுல ஏத்தறது? குழந்தைங்க பகுதின்னு போர்டு போட்டிருந்தா எல்லாம் சாதுன்னு நம்பாதீங்க. தவளை மாதிரி ஒண்ணு இருக்கும். பார்க்க பொம்மை, உயரமும் கம்மி. ஆனா தூக்கி தூக்கிப் போடும். குழந்தை மத்ததை எல்லாம் தாங்கும், திடீர்னு கீழ விழற உணர்வைத் தாங்காது. ஜெயன்ட் வீல் மெதுவாத்தான் சுத்துது, அதனால பரவாயில்லைன்னு நினைப்போம். ஆள் ஏத்தி இறக்கறதுக்கு ஒவ்வொரு பெட்டிக்கும் நிறுத்தி நிறுத்தித்தான் போகும். நம்ம பெட்டி உச்சியில நின்னு காத்துல ஆடுறப்ப பிள்ளை அலறினா என்ன பண்ணுவீங்க? டேஷிங் கார் பத்திப் பேசவே வேண்டாம், இடிக்கறதுக்குன்னே செஞ்சது.

முதல்ல தரையை ஒட்டிப் போற குட்டி ரயில். அம்மாவோ அப்பனோ கூட உட்காரணும். அதுலயும் இருட்டுக் குகைக்குள்ள நுழையுதான்னு பார்த்துக்கங்க. அப்புறம் குதிரை ராட்டினம். அதுல மேல கீழ ஏறி இறங்கற குதிரையும் இருக்கும், அசையாத பெஞ்சும் இருக்கும். முதல் தடவை பெஞ்சு. அதுவும் உள் வட்டத்துல. பிணையல் கட்டிப் போரடிச்ச ஆளுங்களுக்கு இது சொல்லாமலே புரியும். உள்ள நிக்கிற மாடு நின்ன இடத்துல திரும்பும், வெளிப்பக்கத்து மாடு ஓட்டமா ஓடணும். அதனாலதான் கிழட்டு மாட்டை உள்ளயும் துடியான மாட்டை வெளியவும் கட்டுவோம். ராட்டினத்துலயும் அதே கணக்குதான், வெளி ஓரத்துல வேகம் அதிகம்.

கப் அண்ட் சாஸர்னு ஒண்ணு, நடுவுல இருக்கிற சக்கரத்தை நாம திருப்பினா கோப்பை சுத்தும். திருப்பாம உட்கார்ந்தா சின்னப் பிள்ளைக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா கூட ஏறற பெரிய பசங்க சும்மா இருக்க மாட்டாங்களே, அதனால தனிக் கோப்பையா பார்த்து ஏறுங்க. தண்ணி விளையாட்டுல முழங்கால் அளவுத் தண்ணி இருக்கிற இடம் போதும். மேல ஒரு பெரிய வாளி நிறைஞ்சு மணி அடிச்சுக் கவிழும் பாருங்க, அந்தப் பக்கமே போக வேண்டாம். பெரியவங்களே மூச்சுத் திணறுவாங்க. கரடி வேசம், முயல் வேசம் போட்டுட்டு வர்றவங்ககிட்டயும் போட்டோவுக்குத் தள்ளாதீங்க.

சத்தம் ரொம்ப முக்கியம்ங்க. பாதிப் பிள்ளைங்க ராட்டினத்துக்குப் பயப்படறதில்லை, பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கர் பெட்டிக்குப் பயப்படுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், பசியும் தூக்கமும் கலந்த நேரத்துல கூட்டிட்டுப் போயி, கூட்டத்துல நிக்க வச்சு, அப்புறம் பயந்தாங்கொள்ளின்னா எப்படி? கிழமை நாள்ல, காலையில திறந்த உடனே போங்க. ஏத்தறதுக்கு முன்னாடி அந்த ராட்டினம் ரெண்டு தடவை சுத்தி நிக்கறதை பிள்ளையோட சேர்ந்து வேலிக்கு வெளிய நின்னு பாருங்க. "பாரு, சுத்துது, சுத்துது, நின்னுடுச்சு, அந்தப் பாப்பா இறங்கிட்டா." அது நிக்கும்ங்கிறதை பிள்ளை கண்ணால பார்க்கணும். பார்த்துட்டும் வேண்டாம்னா வேண்டாம்தான். அடுத்த வருசமும் அந்த ராட்டினம் அங்கயேதான் இருக்கும்.

புதுக் கன்னுக்குட்டியை வாய்க்கால் தாண்ட வைக்கணும்னா கயித்தைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. நாலு காலையும் ஊனிக்கும். இழுக்க இழுக்கப் பின்னாடிதான் போகும். தாய் மாட்டை முதல்ல அந்தப் பக்கம் ஓட்டிட்டு, கயித்தைத் தளர விட்டுட்டு, வரப்புல உட்கார்ந்து ஒரு வெத்தலை போடுங்க. அது தண்ணியை மோந்து பார்க்கும், ரெண்டு தடவை திரும்பும், அப்புறம் தானா ஒரு குதி குதிச்சு ஓடிடும். அவசரம் நமக்குத்தான்.

இதுல எனக்கு ரொம்பக் கசப்பா இருக்கிறது அந்த வீடியோ. பிள்ளை மூஞ்சி சிவந்து, மூக்கு ஒழுகி, "அம்மா அம்மா"ன்னு கத்தறதை எடுத்து, சிரிக்கிற பொம்மை நாலு ஒட்டி, சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பறது. எல்லாரும் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை அனுப்பறாங்க. ஒரு பெரிய மனுசன் அப்படிப் பயந்து அழறப்ப வீடியோ எடுத்தா சும்மா விடுவாங்களா? பிள்ளைன்னா கேட்க ஆள் இல்லை. வீட்டுல பத்துப் பேர் பார்த்துச் சிரிச்ச பிறகு அது இன்னொரு தடவை பயத்தை உங்ககிட்ட வாய் விட்டுச் சொல்லுமா? சொல்லாது. பள்ளிக்கூடத்துல யாராவது மிரட்டினாலும் சொல்லாது.

பூங்காக்காரங்களுக்கும் ஒண்ணு. உயரம், எடை, இதயக் கோளாறு, கர்ப்பிணின்னு அவ்வளவு எழுதறீங்க. அதோட நாலு வரி சேர்த்து எழுதுனா என்ன செலவு? இருட்டு வருமா, திடீர்னு இறங்குமா, சத்தம் இருக்குமா, எத்தனை நிமிஷம் ஓடும். அப்புறம் ஓட்டற பையங்களுக்கு, பிள்ளை எந்திரிச்சு நின்னா பட்டனை அமுக்கணும்னு சொல்லிக் கொடுங்க. எங்க திருவிழாவுல கையால தள்ளற குடை ராட்டினக்காரர் படிச்சவர் இல்லை. ஒரு குழந்தை உதட்டைப் பிதுக்கினாலே கம்பியைப் பிடிச்சு நிறுத்திடுவாரு. இறக்கி விட்டுட்டுக் காசையும் திருப்பிக் கொடுப்பாரு.

மாப்பிள்ளை இதைப் படிப்பாருன்னு தெரியும். நேர்ல சொல்ல வாய் வரலை, அதான் எழுதறேன். ஆடியில அந்தியூர் வாங்க மாப்ள. குதிரைச் சந்தை பார்க்கலாம், பையனுக்குக் குதிரைன்னா உசிரு. குடை ராட்டினத்துக்கிட்ட அவனைக் கூட்டிட்டுப் போற வேலையை மட்டும் அப்புச்சிகிட்ட விட்டுடுங்க.