எண்வகைச் சொற்களும் நம் மாணவரும்

ஆங்கிலத்தில் சொற்கள் எத்தனை வகைப்படும் என்று வினவினால், நம் மாணவர் இமைப்பொழுதில் எட்டு என விடை பகர்வர். அவ்வெட்டினையும் வரிசை பிறழாமல் ஒப்பிப்பர். ஆனால், ஒரு வாக்கியத்தைக் காட்டி, இச்சொல் இங்கு எவ்வகையைச் சார்ந்தது எனக் கேட்பின் தயங்கி நிற்பர். மனப்பாடம் செய்தது அறிவாக மாறாமையே இதற்குக் காரணம் என்பது எமது துணிபு.

எட்டு என்னும் தொகை மாற்றவொண்ணாத விதியன்று. பண்டைக் கிரேக்க இலக்கணத்தார் தம் மொழிக்கு எட்டு வகை கண்டனர். அவற்றுள் ஒன்றாகிய ஆர்ட்டிகிள் இலத்தீனில் இல்லை. ஆகவே உரோமர் அதனை விடுத்து, வியப்பிடைச்சொல்லைச் சேர்த்து எட்டினை நிறைவு செய்தனர். அம்மரபையே ஆங்கிலேயரும் தம் மொழிக்குப் பொருத்தினர். 1761-இல் ஜோசப் பிரீஸ்ட்லி எட்டு என்றார்; 1795-இல் லிண்ட்லி மர்ரே ஆர்ட்டிகிளையும் கூட்டி ஒன்பது என்றார்; 1952-இல் அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஃபிரீஸ், பெருவகை நான்கு, துணைச்சொற்குழு பதினைந்து எனப் பகுத்தார்.

தொல்காப்பியரோ பெயர், வினை, இடை, உரி என நான்கு கண்டார். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் பயின்று புகழ்பெற்ற சீபவைஹி, தம் 'அல்கிதாப்' நூலின் தொடக்கத்திலேயே அரபுச் சொற்களை இஸ்ம், ஃபிஅல், ஹர்ஃப் என மூன்றாக வகுத்தார். மொழியின் இயல்புக்கேற்பவே வகைகள் அமையும் என்பது இவற்றால் விளங்கும்.

ஆங்கிலத்தின் இயல்பு யாது? தமிழில் பெரும்பாலும் விகுதியும் உருபும் சொல்லின் வகையைக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ பல சொற்களுக்கு அவை நிற்கும் இடமே வகையைத் தருகிறது. 'எ லாங் ஃபாஸ்ட்' என்னுமிடத்தில் 'ஃபாஸ்ட்' நோன்பைக் குறிக்கும் பெயர். 'வி ஃபாஸ்ட்' என்னுமிடத்தில் நோன்பு நோற்றலைக் குறிக்கும் வினை. 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்பதில் பெயரடை. 'ஷி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் வினையடை. செயலைக் குறிப்பதே வினை என்று மட்டும் கற்ற மாணவன், 'இஸ்' என்னும் சொல்லில் எச்செயலைக் காண்பான்?

'வீட்டில்' எனத் தமிழில் உருபு பெயருக்குப் பின் வரும். 'இன் தி ஹவுஸ்' என ஆங்கிலத்தில் பெயருக்கு முன் வரும். இவ்வேறுபாட்டை ஒருமுறை எடுத்துக்காட்டினால், முன்னிடைச்சொல் என்னும் பெயரின் காரணமும் அதன் பயனும் ஒருங்கே புலப்படும். தமிழிலக்கண அறிவு ஆங்கிலத்திற்குத் தடையன்று, துணையே.

பேசிப் பழகினாற் போதும், இலக்கணம் வேண்டா என்பாரும் உளர். இல்லத்தில் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது பொருந்தலாம். வகுப்பறையில் மட்டுமே அம்மொழியைக் கேட்கும் முதல் தலைமுறை மாணவர்க்கு இலக்கணமன்றோ ஏணி? அவ்வேணியின் படிகளை எண்ணச் சொல்லிவிட்டு, ஏறக் கற்பிக்காமல் விடுவது முறையாகுமா? நேர்முகத் தேர்வில் நா எழாமல் தலைகவிழ்ந்து திரும்புவோர் பெரிதும் இவர்களே.

ஆகவே, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கலந்து பேசி, இருமொழிச் சொல்வகைகளையும் ஒப்பிட்டுக் காட்டும் வகுப்புகளை ஆண்டுதோறும் நடத்துதல் வேண்டும். மாணவர் நாள்தோறும் ஆங்கில நாளேட்டில் ஐந்து வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் நோக்கி, 'நீ இங்கு என்ன பணி செய்கிறாய்?' என வினவிப் பழகுவாராக. விடை எட்டினுள் அடங்கினும் அடங்காவிடினும், வினவத் தொடங்கிய அன்றே மொழி அவர்க்கு வயப்படத் தொடங்கும்.