முகத்தைக் காட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி



நம் வாலிபர் சிலர் ஏற்றிருக்கும் பணி ஒன்று நம்மில் பலருக்கு இன்னும் விளங்காமல் இருக்கிறது. கொத்தடிமைகளாய் வாடுவோர், வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள், கழிவுநீர்த் தொட்டியில் இறக்கப்படுவோர் ஆகியோரின் உரிமைக்காகப் போராடும் தொண்டு நிறுவனங்களில் அவர்கள் சமூக ஊடகப் பொறுப்பாளர்களாக இருக்கிறார்கள். நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்ப்பதும் ஒரு வேலையா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. அது வேலை மட்டுமன்று, ஊழியமே என்பது என் கருத்து. பேச இயலாதவர்களின் வழக்கில் வாய் திறக்கும்படி லேமுவேல் அரசனுக்கு அவன் தாய் புத்தி சொன்னதை நீதிமொழிகளின் 31-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எனினும் அந்த ஊழியம் ஊழியமாகவே நிலைப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதையே இவ்வாரம் சிந்திப்போம்.

இப்பணி புதியதன்று. 1787-ஆம் ஆண்டு லண்டனில் அடிமை வணிகத்தை ஒழிப்பதற்கென ஒரு குழு அமைந்தபோது, மட்பாண்டத் தொழிலில் புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட் ஒரு சிறு பதக்கத்தைச் செய்தளித்தார். சங்கிலியால் பிணிக்கப்பட்ட ஆப்பிரிக்கர் ஒருவர் முழந்தாளிட்டு, நானும் மனிதனும் சகோதரனும் அல்லவா என்று வினவும் உருவம் அதில் இருந்தது. பெண்கள் அதை வளையலிலும் கொண்டையூசியிலும் பதித்து அணிந்தார்கள். கைக்குக் கை மாறிய அப்பதக்கம் பலருடைய மனத்தை அசைத்தது. 1807-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது.

ஆயினும் பதக்கத்திலிருந்த அம்மனிதருக்குப் பெயரில்லை. அவர் என்றென்றும் முழந்தாளிலேயே இருக்கிறார். அதே காலத்தில், 1789-இல், ஒலாடா எக்குவியானோ என்னும் முன்னாள் அடிமை தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஊர் ஊராகச் சென்று அந்நூலை விற்றார். பதக்கத்தைக் கண்டவர்கள் இரக்கப்பட்டார்கள். எக்குவியானோவைக் கேட்டவர்கள் ஒரு மனிதரைச் சந்தித்தார்கள். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே இன்றைய பொறுப்பாளரின் முன்னும் நிற்கிறது.

அவருடைய மேசையில் மீட்பு நடந்த இடத்திலிருந்து வந்த படங்கள் இருக்கின்றன. அழும் குழந்தையின் முகத்தை வெளியிட்டால் ஆயிரமாயிரம் பேர் நின்று பார்ப்பார்கள். பார்ப்பவர் மிகுந்தால் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதை மேலும் பலரிடம் கொண்டுசெல்லும், நன்கொடையும் வரும். ஓய்வூதியச் சட்டத்தின் ஒரு பிரிவையோ நீதிமன்ற ஆணையையோ விளக்கி எழுதினால் சிலரே வாசிப்பார்கள். மாத இறுதியில் நிறுவனத்தார் கேட்பது எண்ணிக்கையைத்தான். முகம் இல்லாவிட்டால் பணம் இல்லை, பணம் இல்லாவிட்டால் அடுத்த குடும்பத்திற்கு விடுதலை இல்லை என்னும் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆனால் எண்ணிக்கை எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2012 மார்ச் 5-ஆம் தேதி அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று, குழந்தைகளைக் கடத்திப் போர்வீரராக்கிய ஜோசப் கோனியைப் பற்றி அரைமணி நேரக் காணொளியை வெளியிட்டது. ஆறே நாள்களில் அது பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. அம்மாதமே அது வடக்கு உகாண்டாவின் லிரா நகரில் திரையிடப்பட்டது. கோனியின் படையால் உறவினரையும் உடலுறுப்புகளையும் இழந்தவர்கள் அதைப் பார்க்க வந்தார்கள். தங்களைத் துன்புறுத்தியவனின் முகம் சட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் பரப்பப்படுவதையும், தங்கள் துயரத்தின் கதை அந்நியரின் கதையாய் மாறியிருப்பதையும் கண்டு கொதித்தார்கள். யாருக்காகப் பேசப்பட்டதோ அவர்களே அப்பேச்சை ஏற்கவில்லை.

மாற்கு சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் பர்திமேயு எரிகோவின் வழியருகே கூப்பிடுகிறான். அவனுக்குக் குரல் இருந்தது. பேசாதிருக்கும்படி அதட்டியது கூட்டம். இயேசுவோ நின்று, அவனை அழைப்பித்து, அவனுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். பார்வையற்றவனுக்கு என்ன தேவை என்பது யாவருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் கேட்டார். அதே சுவிசேஷத்தின் 7-ஆம் அதிகாரத்தில், செவிடனும் கொன்னைவாயனுமான ஒருவனை ஜனங்களைவிட்டுத் தனியே அழைத்துச் சென்று குணமாக்குகிறார். ஒருவனுக்கு ஊரறிய, மற்றவனுக்கு மறைவில். அற்புதம் எங்கே நிகழவேண்டும் என்பதைக் கூட்டத்தின் ஆவல் தீர்மானிக்கவில்லை.

ஆகவே இப்பணியிலிருக்கும் என் பிள்ளைகளே, கேளுங்கள். மீட்கப்பட்ட அன்றே வாங்கிய கையொப்பம் போதாது. நன்றியும் அச்சமும் மேலிட்டிருக்கும் வேளையில் யாரும் மறுக்கமாட்டார்கள். சில வாரங்கள் கழித்து, வெளியிடப்போகும் பதிவை அவர்களுக்குக் காட்டி, அவர்கள் மொழியிலேயே கேளுங்கள். வேண்டாம் என்றாலும் உதவி நிற்காது என்பதைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். முகத்தை மங்கலாக்கினால் மட்டும் காவல் ஆகாது. பள்ளிச் சீருடையும் தெருப்பலகையும் குரலும்கூட ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். குழந்தைகளின் அடையாளத்தை மறைக்கும்படி 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் கட்டளையிடுகின்றன. சட்டம் கேட்பது குறைந்த அளவு. அன்பு அதற்கு மேலும் கேட்கும். இதனால் பார்ப்பவர் குறைந்தால் குறையட்டும். அந்த இழப்பை நிறுவனம் சுமக்கலாம். பத்து ஆண்டு கழித்துத் தன் அழுகை முகத்தைத் தன் வகுப்புத் தோழர் கைப்பேசியில் காணும் பெண் அதைச் சுமக்கக்கூடாது.

திருச்சபையாருக்கும் இதில் பங்குண்டு. அழும் முகங்கள் பரவுவது நாம் அவற்றைப் பகிர்வதால். காலை வணக்கத்தோடு அடிபட்ட குழந்தையின் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டு, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது இரக்கமாய்த் தோன்றலாம். அந்தக் குழந்தை நம் பேத்தியாயிருந்தால் அனுப்புவோமா? முகமில்லாத பதிவிற்கும் மனமுவந்து கொடுக்கக் கற்போம். ஒரு கண்ணீர்த்துளியைக் காணாமலே கொடுக்கும் காணிக்கை, நம் வாலிபர் நேர்மையாய் உழைக்க வழி திறக்கும்.

பேச இயலாதவர்களுக்காகப் பேசுவோர் முதலில் அவர்களுக்குச் செவிகொடுக்கும் கிருபையைக் கர்த்தர் நம் யாவருக்கும் அருள்வாராக. ஆமென்.