டம்மித் துப்பாக்கிக்கு இரும்பு நிறம்

நாடகத்துக்கும் மாறுவேடப் போட்டிக்கும் மரத்தில் செய்யும் டம்மித் துப்பாக்கிக்குப் பளபளக்கும் கறுப்பு எனாமல் அடிப்பது வழக்கம். அது பெரும்பாலும் தவறு. துப்பாக்கி எந்தக் காலத்தது என்பதைப் பார்த்தே நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஆரணியில் 1751 டிசம்பர் 3 அன்று ராபர்ட் கிளைவ் ராஸா சாகிபின் படையை முறியடித்தார். 1782 ஜூன் 2 அன்று இங்கேயே அயர் கூட்டின் படையும் ஹைதர் அலியின் படையும் மோதின. அக்காலத்து பிரிட்டிஷ் மஸ்கட்டின் குழல் பெரும்பாலும் தேய்த்து மெருகேற்றிய வெள்ளை இரும்பு. ஆகவே ஆரணிச் சண்டையை மேடையேற்றுபவரின் துப்பாக்கிக் குழல் கறுப்பாகத் தெரியவே கூடாது. பளபளப்பு எதிரிக்கு இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் பின்னாளில் ராணுவங்கள் அதை ஒழித்தன. 20-ஆம் நூற்றாண்டில் எஃகைச் சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். அதில் கிடைக்கும் பாஸ்பேட் பூச்சின் சாம்பல் கலந்த கருமை நுண்ணிய சொரசொரப்புடன் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது.

ஆரணி வட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களுக்குத் தேவைப்படுவது இதற்கு நேர் எதிரானது. கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கிய கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டுவார்கள். இரவு விளக்கில், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது மின்ன வேண்டும். அங்கே உலோகம் எது என்று யாரும் கேட்பதில்லை. துரியோதனன் வந்துவிட்டான் என்று தெரிந்தால் போதும். ராணுவத் துப்பாக்கிக்கு அந்தச் சலுகை கிடையாது.

டம்மியைக் காட்டிக்கொடுப்பது மர ரேகைதான். பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, ரேகை மறையும்வரை அதையே திரும்பச் செய்ய வேண்டும். முக்கால்வாசி வேலை இதுதான். பொறுமையற்றவர் இங்கேதான் கோட்டை விடுவார். அதன்மேல் பளபளப்பில்லாத கறுப்பில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்து, ஸ்ப்ரேயைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மெல்லிய படலங்களாக அடிக்க வேண்டும். தனிக் கறுப்பு பிளாஸ்டிக் போலத் தெரியும். தள்ளி அடிக்கும்போது துளிகள் பாதி காய்ந்தே விழுவதால், பாஸ்பேட் பூச்சின் சொரசொரப்பு ஓரளவுக்கு வந்துவிடும்.

அடுத்தது தேய்மானம். நல்ல சரிகையை உரசினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும் என்பது ஆரணியில் சேலை வாங்குவோர் அறிந்தது. துப்பாக்கியும் அப்படித்தான்: பூச்சு தேய்ந்த இடத்தில் வெள்ளை எஃகு தலைகாட்டும். டம்மியை உரசினால் மரம்தான் வரும். எனவே தேய்மானத்தையும் மேலே தீட்டியாக வேண்டும். பென்சில் கரித்தூளைத் துணியில் தொட்டு விளிம்புகளிலும் கை படும் இடங்களிலும் தேய்த்தால் எஃகின் மங்கிய மினுக்கம் வரும். அதற்குமேல் வார்னிஷ் அடித்தால் அந்த மினுக்கம் செத்துவிடும்; வார்னிஷ் வேண்டுமானால் முன்பே அடித்துவிட வேண்டும். உலர்ந்த பிரஷ்ஷில் துளி அலுமினியப் பெயிண்டும் உதவும். உடம்பெல்லாம் கீறல் போடுவது சினிமாத்தனம். ஒழுங்கான சிப்பாய் ஆயுதத்தைத் துடைத்து வைப்பவன்.

மெருகேற்றிய மஸ்கட் குழல்தான் கடினம். அலுமினியப் பெயிண்டை நேரே அடித்தால் தகர டப்பா போலிருக்கும். முதலில் பளபளப்பான கறுப்பு அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் வெள்ளி நிற ஸ்ப்ரேயை லேசாக அடித்தால் ஆழம் கிடைக்கும்.

வேலை திறமாக அமைந்தால் அதுவே வம்பு. ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 6-இன் விளக்கப்படி, சுடுமோ சுடாதோ, துப்பாக்கி போலத் தோன்றும் எதுவும் போலித் துப்பாக்கிதான். பிரிவு 28-இன்படி, கைதாவதைத் தடுக்க அதைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே மேடைக்குப் போகும் டம்மியின் முனையிலும் ஆரஞ்சு நாடா சுற்றி, பையில் வைத்து எடுத்துப்போய், திரை தூக்கும் முன் உரித்துக்கொள்வது நல்லது.