காசு ஊருது, அணி யாருது?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை மாதிரி பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுவது. (பேர் மட்டும் கால்பந்து!) அங்கே கிட்டத்தட்ட ஒவ்வொரு அணிக்கும் முதலாளி உண்டு. மற்ற முதலாளிகள் சம்மதித்தால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம். ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டாமாம்.

செயின்ட் லூயிஸ் நகரத்தில், ஏதாவது ஒரு அணி வரட்டும் என்று வரிப்பணத்தில் கூரை போட்ட பெரிய மைதானம் கட்டினார்கள். 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ராம்ஸ் அணி வந்தது. 2016-இல் அங்கேயே திரும்பிப் போய்விட்டது! அதற்கப்புறமும் சில வருஷம் மைதானக் கடனைக் கட்டியது மக்கள்தான். வழக்குப் போட்டு 2021-இல் 79 கோடி டாலர் வாங்கினார்கள். பணம் வந்தது, அணி வரவில்லையே?

மைதானம் வந்தால் வியாபாரம் பெருகும் என்கிறார்கள். சொந்த ஊரில் வருஷத்துக்குப் பத்து மேட்ச் நடந்தால் பெரிசு. அதை நம்பிக் கடை வைக்க முடியுமா?

காசு போடுகிற ஊருக்கு அணியிலும் பங்கு தரணும் என்பது என் கருத்து. கிரீன் பே என்ற சின்ன ஊரின் பேக்கர்ஸ் அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள்தான் பங்குதாரர்கள். லாபம் ஒரு பைசா கிடைக்காது, ஆனாலும் வாங்குகிறார்கள். 1919-இல் தொடங்கிய அந்த அணி ஊர் மாறியதே இல்லை. இன்னொரு ஊர் இதே மாதிரி செய்ய இப்போது லீக் விதி இடம் தராது. ஏன் என்று அந்த முதலாளிகளைத்தான் கேட்கணும்!