அறை மட்டும் போதும்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் அறை கேட்டுத் தொலைபேசி எடுப்பவர்களிடம் ஹோட்டல்காரர்கள் தவறாமல் கேட்பது: அறை மட்டுமா, காலைச் சாப்பாடும் சேர்த்தா? பெரும்பாலானோர் "சேர்த்தே போடுங்கோ" என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு கட்டிய காசு வீணாகக் கூடாதே என்று ஒன்பது மணிக்கு பஃபே வரிசையில் நிற்கிறார்கள். பத்தரைக்கு வெளியே வரும்போது கடைவீதியில் இடியப்பம் தீர்ந்து, சொதிச் சட்டியும் கழுவிக் கவிழ்த்தாகிவிடும்.

இந்தப் பழக்கத்தை விடலாம். மூன்று நாள் தங்குபவர் ஒரு காலையை ஹோட்டலுக்குக் கொடுக்கட்டும். மற்ற இரண்டும் கடைவீதிக்குப் போகட்டும்.

அந்த ஒரு காலைக்கு நியாயம் உண்டு. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் தனக்குக் கட்டிக்கொண்ட வீடுதான் பின்னாளில் கிராண்ட் ஹோட்டல் ஆனது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு இன்றும் கோட்டும் டையும் வேண்டும். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே ஹோட்டலாகிவிட்டது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் 'சிலோன் டீ டிரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினரை ஏற்கின்றன. அங்கே விடியற்காலையில் தேநீர் கட்டிலுக்கே வரும். டோஸ்ட், முட்டை, மார்மலேட் என்ற அந்த மேசை, பங்களாக்களில் அப்புமார் தலைமுறை தலைமுறையாகச் சமைத்துப் பரிமாறியது. அதுவும் மலையகத்தின் சரித்திரம்தான். ஆனால் முழுச் சரித்திரம் அல்ல. பஃபேயின் 'இலங்கை மூலை'யில் பாற்சோறும் இலைக்கஞ்சியும் இருக்கும்; தேங்காய் ரொட்டியும் இருக்கும், பிஸ்கட் அளவில்.

மீதிச் சரித்திரம் கடைவீதியில் இருக்கிறது. ஹட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது. அன்றிலிருந்து அது தோட்டங்களுக்கு நடுவிலுள்ள சந்தி. சம்பள நாளில் சாமான் வாங்க வருபவர்கள், கொழும்புக்குப் பஸ் பிடிப்பவர்கள், டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இங்கே வயிறு நிரம்ப வேண்டும். அதனால் சைவக்கடைகள் வெளிச்சம் வருமுன்னே திறந்துவிடுகின்றன. இடியப்பம், சொதி, சம்பல், தோசை, வடை, சூடான பாணும் பருப்பும். நுவரெலியா கடைவீதியில் அம்பாள்ஸ் போன்ற கடைகளிலும் இதுதான். புதிதாய் வருபவர் திகைப்பது ஒன்றே: கேளாமலே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் பனிஸும் மேசைக்கு வரும். பயப்பட வேண்டாம். தின்றதை எண்ணித்தான் காசு. மீதி அப்படியே திரும்பிப் போகும். இந்த ஏற்பாட்டில் சுகாதாரப் பரிசோதகருக்கு ஆட்சேபம் இருக்கலாம், பசித்தவருக்கு இருப்பதில்லை.

தேநீரைப் பற்றி ஒரு முறைப்பாடு உண்டு. உலகம் ஏலத்தில் எடுக்கும் தேயிலை கண்ணெதிரே மலையில் நிற்கிறது. கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் தூள்தேயிலைச் சாயம், அதில் நியூசிலாந்துப் பால்மா. இத்தனைக்கும் அம்பேவெல மாட்டுப் பண்ணை நுவரெலியாவிலிருந்து அதிக தூரமில்லை. ஆகவே பிளேன்டீ கேட்பதே புத்தி.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற நாளில் ஹோட்டல் சாப்பாடு இன்னும் பரிதாபம். அங்குள்ள 'உலக முடிவு' என்ற காட்சிமுனையில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். ஹோட்டல் ஒரு பெட்டியைக் கையில் தரும்: குளிர்ந்த சாண்ட்விச், அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். பொலித்தீன் சுற்றியிருந்தால் பூங்கா வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். அந்தக் குளிரில் அதைத் தின்ன மனம் வராது. முதல் நாள் மாலையே கடையில் சொல்லி வைத்து, நாலு ரொட்டியைத் தாளில் சுற்றி எடுத்துப்போவது எவ்வளவோ மேல்.

ஏனென்றால் தோட்டங்களில் இந்த ரொட்டியைச் சுடுவதே அப்படி எடுத்துப் போவதற்காகத்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பெண்கள் நாலரைக்கு எழுந்து கோதுமை மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டிச் சுடுவார்கள். பக்கத்துணை கட்டச்சம்பல்: மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய். பிள்ளைகளுக்கு ஒன்று, கணவருக்கு இரண்டு, மிச்சம் மலைக்கு. கொழுந்து எடுக்கும் இடைவெளியில், தேத்தண்ணி நேரத்தில், ஆறிப்போனாலும் தின்னலாம். வயிறு தாங்கும்.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஒவ்வொரு மணியும் கப்பலில் வருகிறது. திருகோணமலையில் பிரீமா ஆலை 1980இல் மா அரைக்கத் தொடங்கிய பின் ரொட்டி இன்னும் வேரூன்றியது. 2022 நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு ஏறியபோது முதலில் அடிவாங்கியது லயத்து அடுப்புகள்தான். 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. நட்சத்திர ஹோட்டலில் ஒருவரின் பஃபே அதற்கு மேல்.

ரொட்டியின் கதை இப்படியிருக்க, 'லயத்தில் ஒரு காலை' என்று வேன் நிறைய ஆட்களை இறக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதை முளையிலேயே கிள்ள வேண்டும். பத்தடி அறையில் வேலைக்குக் கிளம்பும் குடும்பம் காட்சிப் பொருளல்ல. ரொட்டி வேண்டுமானால் கடைக்குப் போகலாம். மஸ்கெலியாவிலும் நல்லதண்ணியிலும் சிவனொளிபாதமலை இறங்கி வருபவர்களுக்குச் சுடச்சுடக் கிடைக்கிறது.

கடைக்காரர்களும் கொஞ்சம் மாற வேண்டும். விலையை எழுதி வைக்கச் சொல்லும் பாவனையாளர் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. பல கடைகளில் பலகையைக் காணோம். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவருக்கு ஒரு விலை, வெள்ளைக்காரருக்கு இன்னொரு விலை என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அவர் மறுநாள் பஃபேக்கே திரும்புவார். கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

இதற்கு முன்மாதிரி உண்டு. வடக்கில் மாகாண விவசாயத் திணைக்களம் 'அம்மாச்சி' உணவகங்களைப் பெண்களிடம் ஒப்படைத்திருக்கிறது. விலைப் பலகை, கண்முன்னே சமையல், சுத்தமான மேசை, கூட்டத்துக்குக் குறைவில்லை. சீசன் காலத்தில் தற்காலிகக் கடைகளுக்கு இடம் ஏலம் விடும் நுவரெலியா மாநகர சபை, அவற்றில் நாலைந்தை ஓய்வு பெற்ற தோட்டப் பெண்களுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் விற்க ஒதுக்கலாம். ஹட்டன் பஸ் நிலையத்தருகே நிரந்தரமாகவே ஒன்று வைக்கலாம். நுவரெலியாக் கடைகளைக் காலை ஐந்து மணிக்குத் திறந்தால் ஹோர்ட்டன் சமவெளி வேன்களே முதல் வாடிக்கை.