"வாப்பாட நாட்டுப் புள்ளதானே" என்று சொல்லித் தப்பாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. குடும்பத்தில் நாலு எழுத்துப் படித்தவர்கள் கட்டாயம் வாசியுங்கள். இது உங்களுக்குத்தான்.

வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டிய நம் மகளோ தங்கச்சியோ கைக்குழந்தையோடு திரும்பி வந்தால் வீட்டில் ஒரு பேச்சு வரும். "புள்ள வாப்பாட நாட்டுப் புள்ளதானே. பிரஜாவுரிமை எல்லாம் அவங்க பாத்துக்கொள்ளட்டும்."

இது பச்சைப் பொய்.

ஒரு காலத்தில் சட்டமும் அப்படித்தான் பேசியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி உரிமை தகப்பன் வழியாகத்தான் வந்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு மட்டுமே தாய்வழி. முறையாக நிக்காஹ் செய்த பெண்ணின் பிள்ளை அவள் பிறந்த நாட்டுக்கே அந்நியன்! இந்த அநியாயம் 55 வருடம் நீடித்தது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அதை "தகப்பன் அல்லது தாய்" என்று மாற்றியது. குவைத்திலும் கத்தாரிலும் தாய்மாருக்கு இன்றுவரை இந்தச் சம உரிமை இல்லை. நம் பெண்களுக்கு இருக்கிறது. அதை வீட்டுக்குள்ளேயே பறிப்பது யார்? வாப்பாமாரும் நானாமாரும் மாமாமாரும்தான்.

இந்த உரிமை தானாக வராது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருடத்துக்குள் அங்குள்ள நம் தூதரகத்தில் பதிய வேண்டும், அல்லது இங்கே பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பிந்தினால் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம். ஆனால் கேட்க ஒருவர் போக வேண்டுமே! வளைகுடாவில் பிறந்ததால் மட்டும் பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைக்காது. வாப்பாவும் கைவிட்டால் அந்தப் பிள்ளைக்கு எந்த நாடு?

சொல்லப்படும் சாட்டுகளையும் பார்ப்போம்.

"புரோக்கர் ஒருத்தரிட்ட குடுத்திருக்கு." அசல் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அவர் போனை எடுக்கிறாரா என்று பார்த்திருப்பது விண்ணப்பமா? நீதிமன்றம் இருக்கும் புதுக்கடையில் வாழ்கிறோம். சத்தியக்கடதாசி எழுதுபவரும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரும் நடந்து போகும் தூரத்தில். உம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போட், விவாகச் சான்றிதழ், பிள்ளையின் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு. இவற்றை ஒரு பைலில் போட முடியாதா? உம்மாவின் பெயர் பாஸ்போட்டில் ஒரு மாதிரி, அரபுச் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கிறதா என்று புரோக்கர் பார்க்க மாட்டார். நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

"நமக்குச் சிங்களம் தெரியாதே." 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. கவுண்டரில் அதை மறந்தவருக்கு மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

"அவசரமில்ல, பொறகு பாப்போம்." கடதாசி என்ன செய்யும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க 2 வருடம்தான் தந்தார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. அவர்களில் பெரும்பாலானோர் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் வசித்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்டார்கள். அவர்களிடம் நியாயம் இருந்தது, கடதாசி இருக்கவில்லை. அன்று சட்டம் அநியாயமாக இருந்தது. இன்று சட்டம் நம் பிள்ளையின் பக்கம் நிற்கும்போது நாம் சோம்பலில் தவற விட்டால் யாரைக் குறை சொல்வது?

ஒரு ஆசிரியையாக இதன் முடிவை நான் பள்ளிக்கூட வாசலில் பார்க்கிறேன். முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் நிரப்பும்போது "பிரஜாவுரிமை" என்ற இடத்தில் பேனா நின்றுவிடும் உம்மாமார். வெளிநாட்டு பாஸ்போட்டில் பிள்ளையின் வீசாவை நீட்டி நீட்டிக் களைத்தவர்கள். வீட்டில் பட்டதாரிகள் இருப்பார்கள். இவளோடு ஒரு நாள் பத்தரமுல்லைக்குப் போக மட்டும் ஆள் இருக்காது.

கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பிள்ளை அதைவிடப் பெரிய அமானிதம் இல்லையா?

உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இன்றிரவே பிறந்த திகதியைப் பாருங்கள். ஒரு வருடம் ஆகவில்லை என்றால் நாளைக்கே கிளம்புங்கள். ஆகிவிட்டதென்றால் பிந்திய காரணத்தை எழுதிக்கொண்டு கிளம்புங்கள். அவளைத் தனியே அனுப்பாதீர்கள்.